கார்த்திகையில் வெந்த பருப்பு

வீடு பார்க்கப் போகும்போது நீங்கள் எல்லோரும் முதலில் அண்ணாந்து பார்க்கிறீர்கள். நானும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஓடு உடைந்திருக்கிறதா, உத்தரத்தைச் செல் அரித்திருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். அப்புறம் பத்திரத்தை வாங்கி வில்லங்கம் உண்டா என்று படித்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டுகிறீர்கள். பார்க்க வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆம்பூரில் வீடு வாங்கப் போகிறவன் முதலில் குனிந்து கிணற்றைப் பார்க்க வேண்டும். கிணற்றைப் பார்த்தும் ஏமாந்தவன் நான். ஏமாந்தவன் என்று சொல்வதுகூடப் பொய். என்னை யாரும் ஏமாற்றவில்லை. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்தவர் பணத்துக்கு வீடு பார்த்து வாங்கிக் கொடுப்பது, அதில் குடிவைப்பது, மாதாமாதம் வாடகை தண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, ஒழுகினால் ஓடு மாற்றுவது என்று உங்களைப் போலவே நானும் ஓடியாடிப் பிழைத்தவன். அதற்கு முன்னால், தோல் பதனிடுகிற ஒரு தோல் ஷாப்பில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். வேலையை விட்ட பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் நான் ரைட்டர்தான். என் சொந்தப் பெயரைக் கேட்டால் என் மாமியாரே கொஞ்சம் யோசிப்பார்.

ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டும், சேணம் வேண்டும், வார் வேண்டும் என்று எங்கள் பக்கத்துத் தோலுக்குக் கண்டபடி கிராக்கி. ஆற்காடு, கலவைப் பக்கத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஆம்பூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். வேலை கிடைத்தது, படுக்க இடம் கிடைக்கவில்லை. மாட்டுக் கொட்டகையில் தட்டி வைத்து மறைத்து வாடகைக்கு விட்டார்கள். அதற்கும் மூன்று பேர் முண்டியடித்தார்கள். கையில் பணம் வைத்திருந்த வேலூர்க்காரர்கள் எல்லோருக்கும் திடீரென்று ஆம்பூரில் ஒரு வீடு வேண்டியிருந்தது. நான் வாங்கிக் கொடுத்த வீடெல்லாம் ஆறே மாதத்தில் விலை ஏறியது. விலையை ஏற்றியது சண்டை. ஆனால் என்னவோ நானே ஏற்றியது போல எனக்குத் தலை கனத்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ராகேல் அம்மாள் என்னைத் தேடி வந்தார். வேலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐம்பதை நெருங்கிய வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாடி பார்ப்பதற்காக மார்பில் ஒரு வெள்ளிக் கடிகாரத்தைக் குத்தியிருப்பார். பேசும்போதும் அவருடைய விரல் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். இருபது வருஷமாகச் சேர்த்த பணம் கையில் இருப்பதாகவும், அதற்கு ஆம்பூரில் ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"எனக்குப் பின்னாடி யாரும் இல்ல, தம்பி. கை கால் ஓடுற வரைக்கும் ஆஸ்பத்திரி சோறு போடும். அப்புறம் எந்த வாசல்லயும் போயி நிக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்ளோதான்" என்றார்.

பெரிய பெரிய வக்கீல்களுக்கெல்லாம் வீடு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் லாபம் எவ்வளவு வரும் என்று கேட்பார்கள். இந்த அம்மாள் கேட்டது சாகிற வரைக்கும் சோறு. ஒரு தப்புக்கூட நடக்கக் கூடாது என்று அன்றைக்கே மனசில் நினைத்துக்கொண்டேன். நினைத்தது என்னவோ நிஜம்.

ஒரு வாரத்தில் இடம் கிடைத்தது. ஒரே கூரையின் கீழ் ஆறு குடித்தனம் இருக்கிற லைன் வீடு. நல்ல ஓடு, காரைச் சுவர், நடுவில் பொதுக் கிணறு. பின்பக்கம் நாலு புளியமரம் தாண்டினால் தோல் ஷாப்; சங்கு ஊதிய பிறகு எழுந்தால்கூட வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆறு வீட்டிலும் ஆள் இருந்தது. விற்கிறவர் ஜாபர் பாய் என்ற தோல் தரகர். சந்தை சந்தையாய்ப் போய்ப் பச்சைத் தோல் வாங்குகிறவர். மெட்ராஸில் இருக்கும் மகனிடம் போய்விடப் போகிறார், அதனால் விற்கிறார். பத்திரம் பால் போல இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீடு வாங்கினாலும் சரி, குடிபோனாலும் சரி, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு பிடி துவரம் பருப்பை வேகவைத்துப் பார்ப்பார்கள். பெண் கொடுக்கப் போகிற வீட்டில்கூட, மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், பருப்பு வேகுமா என்று கேட்பார்கள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. விறகுதான் தீரும். ஓடு மாற்றலாம், சுவர் பூசலாம். கிணற்றை மாற்ற முடியாது.

நானும் பருப்பு வேகவைத்தேன். கடைசி வீட்டில் குடியிருந்த முனியம்மாளிடம் கொடுத்து, என் கண்ணெதிரே கிணற்றில் இறைத்து, அடுப்பில் வைக்கச் சொன்னேன். முனியம்மாளின் புருஷன் ஏழுமலை பின்னாலிருந்த தோல் ஷாப்பில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவன். நாங்கள் விலை பேசி முடிப்பதற்குள் பருப்பு மலர்ந்து குழைந்துவிட்டது. ஒன்றைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தேன். வெண்ணெய்.

"இப்ப நல்லா வேகுது, ரைட்டரே" என்றாள் முனியம்மா.

'நல்லா வேகுது' என்பதைக் கேட்டேன். 'இப்ப' என்பதைக் கேட்கவில்லை. அது கார்த்திகை மாதம். பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த 'இப்ப' என் காதில் விழாததை ஜாபர் பாய் கவனித்திருக்க வேண்டும். என்னைத் தனியாக மரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"ரைட்டர் சாப், உங்களுக்கு ஜல்தி இல்லன்னா சித்திரை வரைக்கும் பொறுங்க. கோடையில வந்து ஒரு தடவ இந்தத் தண்ணியக் குடிச்சுப் பாருங்க. அப்புறம் பேசலாம்."

நான் சிரித்துக்கொண்டேன். வெளியில் தெரியாதபடிதான். மாதத்துக்கு மாதம் விலை ஏறுகிற காலத்தில் ஒருவர் ஐந்து மாதம் பொறு என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? சித்திரையில் இன்னும் ஏற்றிக் கேட்கப் போகிறார். தரகர் அல்லவா, தோலைப் புரட்டிப் புரட்டி விலை ஏற்றிய கை. அவர் உப்புத் தண்ணீரைப் பற்றிப் பேசினார். என் காதில் அது விலையாக விழுந்தது. என்னிடம் உங்கள் ஜாலம் பலிக்காது பாய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, நாளைக்கே ரிஜிஸ்டர் செய்துவிடலாம் என்றேன். அவர், சரி, உங்க இஷ்டம் என்றார்.

மறுநாள் ராகேல் அம்மாள் வேலூரிலிருந்து ரயிலேறி வந்தார். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் அவரையும் பாயையும் நிழலாகப் பார்த்து உட்கார வைத்துவிட்டு, நான் முத்திரைத்தாள் வாங்கப் போனேன். திரும்பி வந்ததும் கையெழுத்தாகிவிட்டது. பாய் சொன்னதை நான் அம்மாளிடம் சொல்லவில்லை. வியாபாரத்தில் ஆயிரம் பேச்சு இருக்கும், வாங்குகிறவரிடம் எல்லாவற்றையும் ஒப்பிக்க முடியுமா என்று அப்போது நினைத்தேன்.

மாசி கடைசியில் வாடகை தண்டப் போனபோது முனியம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"பருப்பு வேகல, ரைட்டரே."

கடைக்காரன் பழைய பருப்பைத் தலையில் கட்டியிருப்பான், கடையை மாற்று என்று கேலி செய்தேன். கார்த்திகையில் என் கண்ணெதிரே வெந்ததே என்றேன். அது கார்த்திகை என்று சொல்லிவிட்டு, அவள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு வாய் குடித்தேன். உப்பு, அதன் பின்னால் ஒரு துவர்ப்பு. நான் ரைட்டராக இருந்த காலத்தில் முகர்ந்த அதே வாடை. எனக்கு விளங்கிவிட்டது. தோல் கழுவிய தண்ணீர் போய்த் தேங்குகிற குட்டை அந்தப் புளியமரங்களுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிற வரைக்கும் மணலுக்குள்ளிருந்து நல்ல தண்ணீர் ஊறிக் கிணற்றுக்கு வரும். ஆறு வற்றினால் குட்டையின் தண்ணீர் வரும். கார்த்திகையில் அந்தத் தெருவில் இருக்கிற எந்தக் கிணறும் நல்ல கிணறுதான்.

இங்கே நான் செய்த இரண்டாவது தப்பைச் சொல்ல வேண்டும். முதல் தப்பைவிட அதுதான் எனக்கு அதிக வெட்கம். யாரும் வீட்டைக் காலி செய்யவில்லை. காலி செய்து எங்கே போவார்கள்? பெண்கள் விடியற்காலையில் பாலாற்றுக்கு நடந்து, மணலில் ஊற்றுத் தோண்டி, குடம் சுமந்து வந்தார்கள். வாடகை ஒழுங்காக வந்தது. ஊரில் எல்லோரும் ஏற்றினார்கள் என்று நானும் வாடகையை ஏற்றினேன். மாதாமாதம் வேலூருக்குப் போய் ராகேல் அம்மாளிடம் கொடுக்கும்போது, "குடித்தனக்காரங்க சௌக்கியமா இருக்காங்களா, தம்பி?" என்று கேட்பார். சௌக்கியம் என்று சொல்வேன். கிராக்கி இருக்கிற காலத்தில் வீட்டில் இருக்கிற குறை வாடகைக்காரன் முதுகில் ஏறிக்கொள்கிறது. வீட்டுச் சொந்தக்காரன் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை.

சண்டை முடிந்தது. ஊரெல்லாம் பட்டாசு வெடித்தார்கள். அடுத்த வருஷங்களில் பட்டாளத்து ஆர்டர் நின்றது, தோல் தேங்கியது, ஷாப்புகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. வந்த ஜனங்கள் வந்த வழியே மூட்டை முடிச்சோடு திரும்பிப் போனார்கள். மாட்டுக் கொட்டகைக்கு மறுபடியும் மாடு வந்தது. தெருவுக்கு நாலு வீடு காலி என்று ஆனதும், மிச்சமிருந்தவர்கள் வீட்டைப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தார்கள். பொறுக்குகிறவன் முதலில் உப்புக் கிணற்றைத்தான் விடுவான். ஒரே கோடையில் ராகேல் அம்மாளின் ஆறு வீட்டில் நாலு காலி. ஐந்தாவது வீட்டில் ஒரு தனிக்கட்டைக் கிழவர், கொடுத்தால் வாடகை. ஆறாவது முனியம்மா, ஏழுமலைக்கு வேலை போய்விட்டதால் அதுவும் நின்றது.

சரியாக அந்தச் சமயத்தில் அம்மாளுக்கு முட்டிவாதம் வந்து ஆஸ்பத்திரி வேலை முடிந்தது. மரியாதையாகத்தான் அனுப்பிவைத்தார்கள். வேலூரில் அவர் இருந்த அறைக்கு வாடகை கொடுக்க முடியவில்லை. ஒரு தகரப் பெட்டியோடு ஆம்பூருக்கு வந்து, தன்னுடைய லைனிலேயே மூன்றாவது வீட்டில் குடியேறினார். வாடகை வராத வீட்டில் நானாவது இருக்கேனே என்று சிரித்தார். அந்தக் கோடை முழுவதும் அந்தத் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டிக் குடித்தார். காய்ச்சினால் உப்பு போகுமா? எல்லாம் தெரிந்த நர்ஸ். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வேளைதான் சாப்பிடுகிறார், அதுவும் கஞ்சிதான் என்று முனியம்மா ஒருநாள் என்னைத் தெருவில் நிறுத்திச் சொன்னாள்.

அந்தச் சொத்தை எப்படியாவது நல்ல விலைக்குத் தள்ளிவிட வேண்டும், அந்த அம்மாளைக் காப்பாற்ற வேண்டும். ராத்திரி பகல் எனக்கு அதே நினைப்பு. ஆள் கிடைத்தார். அரக்கோணத்தில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் சர்வீஸ் பணம் இருந்தது. விலை இறங்கிக் கிடக்கும்போதே வாங்கிப் போட வேண்டும், ஷாப்பெல்லாம் மறுபடியும் திறக்கத்தானே போகிறார்கள் என்று அவருக்குக் கணக்கு. அந்தக் கணக்கில் தப்பில்லை. புரட்டாசியிலேயே வந்து பார்க்கிறேன் என்றார். எனக்கு வேலை இருக்கிறது, கார்த்திகையில் வாருங்கள் என்று எழுதிப் போட்டேன்.

ஆமாம், தெரிந்துதான் எழுதினேன். என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி. இந்தத் தொழிலில் அயோக்கியத்தனம் செய்கிறவன் எப்போதும் தன் வயிற்றுக்காகச் செய்வதில்லை. ஒரு நல்ல மனுஷியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டும் செய்வான்.

கார்டு மனைவியோடு வந்தார். பாலாறு ஓடியது. ஓட்டைப் பார்த்தார், சுவரைத் தட்டினார், பத்திரத்தைப் படித்தார். அவருடைய மனைவி முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த துவரம் பருப்பை முனியம்மாளிடம் கொடுத்தாள். அதே அடுப்பு, அதே கிணறு. ராகேல் அம்மாள் தன் வீட்டு வாசலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பருப்பு வேகிற வரைக்கும் கார்டின் மனைவி அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். தங்களுக்குப் பிள்ளை இல்லை, இந்த வாடகையை நம்பித்தான் மிச்ச காலம் என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது. நான் போய்ப் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பருப்பு வெந்தது. முனியம்மா கரண்டியில் எடுத்துக் காட்டினாள்.

"இப்ப நல்லா வேகுது" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

கார்டுக்கும் அந்த 'இப்ப' கேட்கவில்லை. முகமெல்லாம் மலர்ந்து, முன்பணம் தருகிறேன் என்று சட்டைப் பைக்குள் கை விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது முக்காலியிலிருந்து குரல் வந்தது.

"அவசரம் இல்லன்னா சித்திரை வரைக்கும் பொறுங்க, ஐயா. கோடையில வந்து ஒரு தடவ இந்தத் தண்ணியக் குடிச்சுப் பாருங்க. அப்புறம் பேசலாம்."

'ஜல்தி' ஒன்றுதான் 'அவசரம்' ஆகியிருந்தது; மற்றபடி வார்த்தைக்கு வார்த்தை அது ஜாபர் பாய் சொன்னது. பாய் அதைச் சொன்னது எனக்கு மட்டும்தான், அதுவும் மரத்தடியில். நானோ என் பெண்டாட்டியிடம்கூட அதைச் சொன்னதில்லை.

கார்டு என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். நான் அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. பிறகு என் பக்கம் திரும்பி, அம்மாள் கெட்டிக்காரிதான், சரி, இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தருகிறேன் என்றார். ராகேல் அம்மாள் தலையை ஆட்டினார். கார்டு இன்னும் ஏற்றினார். விலைக்கு இல்ல ஐயா, தண்ணிக்குத்தான் சொல்றேன் என்றார் அம்மாள். கார்டுக்குக் கோபம் வந்துவிட்டது. விற்க மனசில்லாதவர்கள் எதற்கு ஆளை வரவழைக்கிறீர்கள் என்று என்னை வைதுவிட்டு, மனைவியை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். அந்த மாதமே வேறு ஊரில் வேறு வீடு வாங்கியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அங்கே தண்ணீர் எப்படி என்று எனக்குத் தெரியாது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அம்மாளிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவன், அன்றைக்குக் கத்தினேன். நாளைக்கு என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்டேன். தெரியல தம்பி என்றார். முனியம்மா அந்தப் பருப்பில் உப்பும் மிளகாயும் போட்டுக் கடைந்து, நாலு தட்டில் சோறு வைத்துக் கொண்டுவந்தாள். அம்மாள், முனியம்மா, ஏழுமலை, நான், நாலு பேரும் கிணற்றடியில் உட்கார்ந்து கார்டு வீட்டுப் பருப்பைச் சாப்பிட்டோம். பாதிச் சாப்பாட்டில் முனியம்மாதான் பேச்செடுத்தாள்.

"தண்ணிதான கோளாறு? வீட்டையா தூக்கினு போவ முடியும், தண்ணியத்தான் தூக்கினு வரணும். தோ, இந்தாளு சும்மாதான குந்தினு இருக்காரு."

ஏழுமலையைக் காட்டித்தான் சொன்னாள். அவ்வளவு பேச்சுதான். இத்தனை வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கிய எனக்கு அது தோன்றவில்லை. மூடிய ஷாப் ஒன்றில், தோல் பதனிடும் மரப்பட்டை ஏற்றிய ஒற்றை மாட்டு வண்டியை மலிவாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதை வாங்க அம்மாள் தன் வெள்ளிக் கடிகாரத்தை விற்றார். பீப்பாயும் ஷாப்பிலேயே சும்மா கிடைத்தது. அதில் எத்தனை முறை கழுவினாலும் தோல் வாடை போகாது என்று முனியம்மா பிடிவாதம் பிடித்துப் புதுப் பீப்பாய் வாங்க வைத்தாள். ஏழுமலைக்கு வாடகை கிடையாது. அதற்குப் பதில் அவன் விடிவதற்குள் பாலாற்று ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும். வீட்டுக்கு மூன்று குடம். பிள்ளை பெற்றவள் இருக்கிற வீட்டுக்கு நாலு. அம்மாள் போட்ட சட்டம் அது.

வாடகையை என்ன வைப்பது என்பதில் எனக்கும் அம்மாளுக்கும் சண்டை. பழைய வாடகையைக் குறைத்தால் வீட்டின் மதிப்பே போய்விடும் என்று ஊரில் எல்லோரும் பூட்டின வீட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். பூட்டுக்குப் பசிக்காது, எனக்குப் பசிக்கும் என்றார் அம்மாள். பாதிக்கும் கீழே குறைத்தோம். குடிவருகிறவர்களிடம் கிணறு கோடையில் உப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார். சொன்னேன். சித்திரை பிறப்பதற்குள் ஆறு வீடும் நிறைந்துவிட்டது. அந்தப் பக்கத்திலேயே தண்ணீர் வாசலுக்கு வருகிற லைன் அது ஒன்றுதான். 'தண்ணி வண்டி லைன்' என்றே பெயர் வந்துவிட்டது.

பிற்பாடு ஷாப்புகள் திறந்தன, வாடகை ஏறியது. போன சில வருஷங்களாக மறுபடியும் மந்தம், மறுபடியும் தெருவுக்கு நாலு வீடு காலி. நீங்கள் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னிடம் வந்து கேட்பதும் அதைப் பற்றித்தான். ஏற்றத்திலும் இறக்கத்திலும் அந்த லைனில் ஒரு வீடு ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடந்து நான் பார்த்ததில்லை. அம்மாள் எந்த வாசலிலும் போய் நிற்கவில்லை.

ஆனால் அந்த வார்த்தை அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் நான் மறைத்ததையும் சொல்லியாக வேண்டுமே. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி போவேன், வாடகையைக் கொடுப்பேன், ஒரு வாய் காப்பி குடிப்பேன், எழுந்து வந்துவிடுவேன். இப்படியே பத்து வருஷத்துக்கு மேல் போய்விட்டது. நான் தொழிலை விட்ட வருஷம், கடைசித் தடவையாக வாடகையைக் கொண்டுபோனேன். அம்மாளுக்கு அப்போது நடமாட்டம் குறைந்துவிட்டது, கட்டிலில்தான் உட்கார்ந்திருப்பார். அன்றைக்குச் சொல்லிவிட்டேன். பாய் மரத்தடியில் சொன்னதை, நான் அதை விலை ஏற்றுகிற தந்திரம் என்று நினைத்ததை, உங்களிடம் மறைத்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வார்த்தை உங்களுக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்டேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

அம்மாள் பழக்கதோஷத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கடிகாரம்தான் இல்லை.

"இதக் கேக்க இவ்ளோ வருஷமா, தம்பி? பாய் எங்கிட்டயும் சொன்னாரு. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல, நீ முத்திரத்தாள் வாங்கப் போயிருந்தப்ப. அப்படியே அதே வார்த்த. நானும் சித்திரை வரைக்கும் பொறுக்கலாம்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள நீ வந்துட்ட. உம் மூஞ்சியப் பார்த்தேன். ஒரு கவலையும் இல்லாம இருந்துது. இவனுக்குத் தெரியாததா பாய்க்குத் தெரியப் போவுதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

ஏன் என்னை ஒரு நாளும் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டிருந்தா இந்தப் பக்கமே வராம போய்ட்டிருப்ப. அப்புறம் ஓடு யாரு மாத்துறது?"

நீங்கள் வீடு காட்டும்போது வாங்குகிறவர் ஓட்டைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார், பத்திரத்தையும் பார்ப்பார். கையெழுத்துப் போடும் முன்னால் கடைசியாக ஒரு தடவை உங்கள் முகத்தைப் பார்ப்பார். இத்தனை வருஷத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இது ஒன்றுதான். அந்த நேரத்தில் உங்கள் முகம் என்ன சொல்கிறது என்பதற்கும் சேர்த்துத்தான் உங்களுக்குக் கூலி.

நான் கிளம்ப எழுந்தபோது அம்மாள் குடிக்கத் தண்ணீர் கேட்டார். மூலையில் ஏழுமலை கொண்டுவந்த தண்ணீர் பானையில் இருந்தது. நான் அந்தப் பக்கம் போனேன்.

"இது இன்னா மாசம், தம்பி?"

"கார்த்திகை."

"அப்பக் கெணத்துலயே எறச்சுக் குடு."

வெளியே போய் வாளியை இறக்கி இறைத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அவர் பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார். குடித்தேன். நல்ல தண்ணீராகத்தான் இருந்தது.